காலி ஓடுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்! நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஆய்வகத்தில் ஒரு சின்னக் கூத்து. வைரஸின் புரதம் அதன் மரபுச் செய்தி இருக்கும் ஆர்.என்.ஏ இழையை அதிலுள்ள ஒரு முடிச்சை வைத்துத்தான் அடையாளம் காணும். பிறகு நீ பெட்டி அடுக்குவதுபோல இழையைச் சுருட்டி உள்ளே வைத்து, சுற்றிலும் ஓடு கட்டிவிடும். அந்த முடிச்சை வெட்டிவிட்டோம். இனி நோய் தராத வெறும் ஓடுதான் உருவாகும் என்று நம்பினோம்.

"காலி டப்பாதானே, இதுக்குப் போய் முகமூடி எதுக்கு?" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். நானும் கழற்றிவிட்டேன். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு ஓடும் நிறைந்திருக்கிறது. முடிச்சு இல்லாமலே இழையைப் பிடிக்க அந்தப் புரதம் பழகிவிட்டது.

பயப்படாதே. எங்கள் இருவருக்கும் தனித்தனி அறை கொடுத்திருக்கிறார்கள், வெறும் ஓய்வுதான். அவளுக்கு லேசான காய்ச்சல். சுவரைத் தட்டினால் பதிலுக்குத் தட்டுவாள். நேற்றிலிருந்து தட்டவில்லை. தூங்குகிறாள் போலிருக்கிறது.

ரத்தம் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். இதைப் படம் எடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

உன் மகள்

பி.கு: இங்கே குளிர் தாங்கவில்லை. போர்த்திக்கொள்ள உன் புடவை ஒன்று அனுப்பு. நல்லது வேண்டாம், பழையதே போதும். உள்ளே வந்த எதையும் இவர்கள் திரும்ப வெளியே விடுவதில்லை.