இரண்டடி அத்திவாரம்

துணுக்காய்
20.8.1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். கொழும்பில் உங்களுக்கு இருமல் விட்டதா? வாசிகசாலைச் சுவர்ச் சண்டை முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அப்பாவின் மகள் என்பதற்காக ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

அப்பா கட்டிய மேற்குச் சுவர் வெடித்தது உங்களுக்குத் தெரியும். கலவையில் சீமெந்து குறைவு என்று வாசிகசாலைத் தலைவர் சிற்றம்பலம் மாமா சொல்ல, "என்ரை கலவையைக் குறை சொன்ன ஊரிலை இனிக் கரண்டி தொடமாட்டன்" என்று அப்பா மேசன் கரண்டியைக் கூரைக்குள் செருகிவிட்டார். வாசிகசாலை பூட்டிக் கிடக்கிறது, புத்தகங்களெல்லாம் மாமா வீட்டு நெல் மூட்டைகளுக்கு மேலே. இரண்டு மாதமாக நான் பஞ்சாங்கம் வாசிக்கிறேன்.

தீர்ப்புச் சொல்ல இங்கே ஆள் இல்லை. குடியேற்றத்தில் எல்லோரும் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள். ஒருவர் அப்பாவுக்கு மச்சான் என்றால் மற்றவர் மாமாவுக்குச் சம்பந்தி. கடைசியில், குளக்கட்டு வேலைகள் பார்க்கும் மஸாஹிர் ஓவசியரை முல்லைத்தீவிலிருந்து அழைத்தார்கள். எங்களில் ஒருவருக்கும் அவர் சொந்தமில்லை.

தீர்ப்புக்கு முந்தி ஒரு வீட்டுத் தேத்தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டார். மடியிலிருந்த பூட்டுத் திறப்பால் சுவரைச் சுரண்டினார். ஒன்றும் உதிரவில்லை. கலவை திறம் என்றார். அப்பா உடனே, "அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ, சிற்றம்பலத்தாருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றார். பிறகேன் வெடித்தது என்று மாமா பாய்ந்தார்.

ஓவசியர் சுவரடியில் நிலம் பிளந்திருந்த இடத்தில் தம் குடையை இறக்கினார். கைப்பிடி மட்டும் வெளியே நின்றது. அத்திவாரம் எத்தனை அடி என்று கேட்டார். அப்பாவும் மாமாவும் ஒரே குரலில், ஒரே பெருமையுடன், "எங்கட ஊரிலை எல்லாம் இரண்டடிதான்!" என்றார்கள். இரண்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தரம்.

"உங்கட ஊரிலை இரண்டடியிலை கல்லு. இது களிமண். மாரிக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். நீங்கள் வன்னிக்கு வந்து எட்டு வருசம், உங்கட அத்திவாரம் இன்னும் வந்துசேரேல்லை" என்றார் ஓவசியர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கடைசியாகச் சிரித்தார்.

உண்மை எழுதுவதாகச் சொன்னேனே: பிழை அப்பாவிலும் உண்டு. இரண்டடி என்று மாமா எழுதிக் கொடுத்தார். அப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் வெட்டினார். திங்கட்கிழமை வெடித்த சுவரை இடித்து, ஓவசியர் சொன்னபடி அந்தப் பக்கத்தை ஐந்தடி வெட்டத் தொடங்குகிறார்கள். மண் வெட்ட மாமா ஆட்களோடு வருவார். சுவரை அப்பாதான் கட்டுவார். கரண்டி கூரையிலிருந்து இறங்கிவிட்டது. தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து வைத்திருக்கிறார்.

அண்ணா, கலவைதான் பிழையாயிருக்கும் என்று ஆனியில் நீங்கள் எழுதிய கடிதத்தை அப்பா இன்று அலுமாரியிலிருந்து எடுத்து வாசித்தார். மடித்துத் திரும்ப வைத்துவிட்டார். அவர் பெயருக்கு ஒரு கடிதம் போடுங்கோ. சின்னதென்றாலும் போதும்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாயிருந்தால் மன்னியுங்கோ.

உங்கள் தங்கை,
விமலேஸ்வரி