ஏறும்போது மஞ்சள் கேசட், இறங்கும்போது நீலம்

மாமா,

எழுப்பினால் நேற்று விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கும், அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். உங்கள் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடப்பதால் இன்றைக்கு விஜயபாண்டி ஜீப்பில்தான் ஏலத்தோட்டத்துக்குப் போகிறேன். கருவாட்டுக் குழம்பு இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ராக்கம்மாளிடம் கொடுங்கள்.

"பாட்டுக் கேக்கவாடி மலைக்கு வாறீக?" என்று கத்தினீர்களே, ஆமாம், அதற்கும்தான். பகல் முழுக்கக் குனிந்து காய் எடுக்கிறவளுக்கு வண்டியில்தான் முதுகு நிமிரும். அங்கேயும் நீங்கள் போடுகிற சோகப் பாட்டுத்தானா? "ஒங்க வீட்டுக்காரரு வண்டில ஏறுனா எழவு வீட்டுக்குப் போற மாதிரியே இருக்குக்கா" என்றாள் யுவராணி, காய் எடுக்கும்போது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பேரும் விஜயபாண்டி வண்டிக்கே மாறிவிடப் பார்க்கிறார்கள்.

டிவி மேல் இரண்டு கேசட் வைத்திருக்கிறேன். இரண்டுமே சினிமாப் பாட்டு இல்லை. மஞ்சள் அட்டையில் ஒரு பெண் பறைச் சத்தத்தோடு நாட்டுப்பாட்டுப் பாடுகிறாள். மலை ஏறும்போது போடுங்கள், தூக்கம் ஓடிவிடும். நீல அட்டை மெட்ராஸ் பையன்கள் கிதார் வாசித்துப் பாடியது. இறங்கும்போது கேட்டால் உடம்பு வலி தெரியாது. முதல் பாட்டு சுமார்தான், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

சந்தனம்

மறந்துவிட்டேன். வண்டி மாறும் முன் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கும்படி யுவராணியிடம் சொல்லியிருக்கிறேன். வண்டி சரியானதும் நாளைக் காலையில் அனுமந்தன்பட்டி விலக்கில் நிறுத்திப் பாட்டைச் சத்தமாக வையுங்கள். பிடித்தால் ஏறுவார்கள். நானும் அவர்களோடு கீழேதான் நிற்பேன்.