முப்பத்தொரு காலிக் கட்டங்கள்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
4 பிப்ரவரி 2024

அன்புள்ள டென்சில் அண்ணனுக்கு,

வினோலியா எழுதுகிறேன். நீயும் நளினி அண்ணியும் சுகம்தானே? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால் எழுத்திலேயே இருக்கட்டும்.

அப்பா எனக்கு விட்டுப்போன ஸ்டாம்ப் ஆல்பத்தை, அவர் போய் ஆறு மாதம் கழித்து, போன வாரம்தான் திறந்தேன். எங்கே ஆரம்பிப்பதென்றே தெரியவில்லை. எங்கள் சபையில் ஜூடித் அக்கா ஸ்டாம்ப் சேர்ப்பவர், அவரைக் கேட்டேன். வியர்வைக் கையால் தொடாதே, சின்ன இடுக்கியால் எடு, முதலில் பக்கம் பக்கமாக எது இருக்கிறது எது இல்லை என்று எழுதி வை என்றார். அப்படி எழுதும்போதுதான் தெரிந்தது. இந்தியப் பக்கங்களில் முப்பத்தொரு இடம் காலி. ஒட்டுத்தாள் இருக்கிறது, ஸ்டாம்ப் இல்லை. சின்ன வயதில் நம்மைக் கிட்டேகூட விடாமல் காட்டுவாரே, அந்தக் காந்தி பத்து ரூபாய் ஸ்டாம்பும் இல்லை.

ஒவ்வொரு காலி இடத்திலும் அப்பாவின் பென்சில் எழுத்து. 'டென்சில்' என்று பேர், பக்கத்தில் தேதி. சுரங்கத்து டோக்கன் ஆபீசில் முப்பது வருஷம் இருந்த மனுஷன் அவர். கீழே இறங்குகிறவன் பித்தளை டோக்கனை எடுத்தால் பேரும் தேதியும் நோட்டில் ஏறும், மேலே வந்தால் ஒரு டிக் விழும். அதே கணக்கில்தான் இங்கும் எழுதியிருக்கிறார். உன் பேரில் முப்பத்தொன்று போயிருக்கிறது, ஒன்றுக்கும் டிக் இல்லை.

அடக்கத்துக்கு வந்தபோது முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆல்பத்தோடு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாயே, நான் மறக்கவில்லை. எடுத்திருந்தால் எடுத்தேன் என்று சொல். மழுப்பினாயானால் இனி இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.

தங்கை
வினோலியா


சிஞ்ச்வட், புனே
12 பிப்ரவரி 2024

வினோலியாவுக்கு,

உன் கடிதத்தை நளினி படித்துவிட்டு, "இதுக்குப் பதில் எழுதாதீங்க" என்றாள். எழுதாமல் இருந்தால் நீ ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாய்.

அப்பா என் கல்யாணத்துக்கு வரவில்லை. பெண் இந்து என்று ஒரே பிடிவாதம். முதல் வரிசையில் அவருக்காகப் போட்ட நாற்காலி கடைசி வரை காலியாகவே கிடந்தது. 2008-இல் அன்றைக்கு வெறுத்தவன், அவர் பெட்டிக்குள் போன பிறகுதான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். அப்புறம் நான் எப்போது போய் ஆல்பத்தைப் பிரித்தேன்? நீ சொல்கிற தேதியெல்லாம் எந்த வருஷத்தவை என்று பார்த்தாயா? அடக்கத்தன்று நான் ஆல்பத்தைத் திறக்கவே இல்லை. மூடி வைத்தபடி அழுதுகொண்டிருந்தேன். கதவைச் சாத்தியது அதற்குத்தான்.

பென்சிலால் யாரும் எழுதலாம். அப்பாவின் எழுத்தும் உன் எழுத்தும் ஒரே அச்சு. யார் இந்த ஜூடித்? ஆல்பம் அவர் வீட்டுக்குப் போனதா, அவர் அங்கே வந்தாரா? காந்தி ஸ்டாம்புக்குப் பெங்களூரில் என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த ஆல்பத்தின் மேல் எனக்கு எட்டு வயதிலிருந்து ஆசை. அது உனக்குத்தான் வந்தது, போகட்டும். விற்றுவிட்டு என் தலையில் கட்டாதே.

டென்சில்


கோரமண்டல்
21 பிப்ரவரி 2024

டென்சில் அண்ணனுக்கு,

என்னைத் திருடி என்று எழுத உனக்குக் கை வந்ததா? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தேதியைப் பார்த்தாயா என்று கேட்டாயே, அதற்காக மறுபடி உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் தேதி உன் கல்யாண நாள். அதில்தான் காந்தி போயிருக்கிறார். மற்றதெல்லாம் வருஷத்துக்கு இரண்டு. ஒன்று ஜூலையில் உன் பிறந்த நாளை ஒட்டி, இன்னொன்று கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம். கடைசி, போன ஜூலை.

அப்பாவோடு டோக்கன் ஆபீசில் இருந்த முனிரத்தினம் மாமாவிடம் ஆல்பத்தை எடுத்துப் போய்க் காட்டினேன். என்னிடம் சொல்லக் கூடாதென்று அப்பா வாக்கு வாங்கியிருந்தாராம், ஆல்பம் எனக்கென்று சொல்லிவிட்டு அதிலிருந்து எடுக்கிறோமே என்று அவருக்குக் கூச்சமாம். பிறகு சொன்னார்: "என்னெ இட்டுக்கினுதாம்மா போஸ்ட் ஆபீசுக்குப் போவாரு. புள்ளக்கி லெட்டருக்குள்ள ஒரு ஸ்டாம்ப் வெச்சு அனுப்பறேன், பதில் வந்தா டிக் போடணும்னு சொல்லிக்கினே இருப்பாரு."

ஆக எல்லாம் உன்னிடம்தான் வந்திருக்கின்றன. பதினைந்து வருஷமாக வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பதிலும் போடாமல், இப்போது என்னைப் பார்த்து விற்றாயா என்று கேட்கிறாய். அவை உன்னுடையவை, எனக்கு ஒன்றும் வேண்டாம். வந்தது என்று ஒரே ஒரு வரி எழுது. அது போதும்.

வினோலியா


சிஞ்ச்வட்
3 மார்ச் 2024

அன்பு வினோ,

வந்தது.

கவரில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் முதல் கவர் வந்தது. சாபம்தான் எழுதியிருப்பார் என்று நினைத்து, பிரிக்காமலே குப்பையில் போட்டேன். பிறகு வந்ததையும் அப்படியே. பிறந்த நாளானால் வரும், கிறிஸ்மஸானால் வரும், போடுவேன். முப்பது கவர், வினோ. உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு தடவைகூடத் தடவிப் பார்க்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் நளினி எழுந்து போய், கேஸ் சிலிண்டர் புக் வைக்கிற டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். போன ஜூலையில் வந்தது. "ஒடம்பு சரியில்லாதவர் எழுதினது, அதான் ஒங்க கையில குடுக்கல" என்றாள். இரண்டு நாள் மேஜைமேல் கிடந்தது. இன்று காலை பிரித்தேன்.

பட்டர் பேப்பரில் மடித்த ரயில் எஞ்சின் ஸ்டாம்ப் ஒன்று. கூட நாலு வரி. உனக்காக அப்படியே எழுதுகிறேன்:

"டென்சிலு, இது முப்பத்தொண்ணு. சின்னதுல நீ ஆல்பத்தக் கேட்டப்போ கைய தட்டிவுட்டேன். முழுசா ஒனக்கே குடுத்தா வினோ மனசு நோவும், அதான் நல்லதா பாத்து ஒண்ணொண்ணா அனுப்பறேன். முன்ன வந்ததெல்லாம் நீ வரிசையா ஒட்டி வெச்சிருப்பன்னு நெனைக்கிறேன். காந்திய நளினிக்குக் காட்டினியா? அது அவளுக்கு நான் குடுத்தது."

நளினி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். சமையலறைக்குப் போய்விட்டாள். இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜூடித் அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. எஞ்சினை இதோடு வைத்திருக்கிறேன், அதன் இடத்தில் நீயே ஒட்டிவிடு. மற்ற முப்பது இடத்திலும் இருக்கிற பென்சில் எழுத்தை மட்டும் அழிக்காதே. நீ முதலில் எழுதியதுதான் சரி. எடுத்தவன் நான்தான்.

உன் அண்ணன்
டென்சில்