பட்டியலில் வெட்டிய பெயர்

செவ்வாய், இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

நாளை எங்கள் மாநில நெட்பால் அணிக்கு அரையிறுதி. இன்று மாலைப் பயிற்சியில் கவிதா குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. பாலிக் புலாவ் ஊர்ப் பெண், பதினேழு வயது. கோல் போடுவதில் அவளை விட்டால் எங்களுக்கு ஆள் இல்லை. முழங்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. ஆடவே கூடாது என்றார் டாக்டர்.

நெட்பால் சங்கத் தலைவர் ஆட்டக்காரர் பட்டியலை என் முன்னால் வைத்தார். எல்லாரும் ஆடும் நிலையில் இருக்கிறார்கள் என்று செயலாளரான நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“ஒரு கேம்தானே லா, ராணி. ஊசி போட்டா வலி தெரியாது. நீயும் பிளேயரா இருந்தவதானே, உனக்குத் தெரியாதா?”

“உங்க மகளா இருந்தா ஊசி போட்டு இறக்குவீங்களா?” என்று கேட்டேன்.

அடுத்த கூட்டத்தில் வேறு செயலாளரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்க்கட்டும். அவர் முன்னாலேயே கவிதாவின் பெயரை வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே அவள் பெஞ்சில் காலை நீட்டி அழுதுகொண்டிருந்தாள். “நீங்க விளையாடி முடிச்சிட்டீங்க அக்கா. அதான் ஈஸியா என் பேர வெட்டிட்டீங்க,” என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்தொன்பது வயதில் நானும் இப்படித்தான் வீங்கிய காலோடு, ஆட விடச் சொல்லிக் கெஞ்சினேன். அப்போதிருந்த செயலாளர் என் காலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அதுதான் என் கடைசி ஆட்டம். அந்த மனிதரிடம் நான் கைகூப்பி நன்றி வேறு சொன்னேன்.