கைநாட்டு போதும்

கைநாட்டு போதும் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை, அண்ணே. இன்று காலை ஆஸ்பத்திரி நலப்பிரிவு அலுவலகத்தில் கைநாட்டு வைக்கும் புது மைப்பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை மேசையெங்கும் பரவியது. எழுந்துபோய் சன்னலைத் திறந்து வைத்தேன்.

தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட வருடம் அது. செமோரிலிருந்து பஸ் ஏறி ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு வருவீர்கள். ரொட்டி டின்னுக்குள் மூன்று அட்டைகள்: நெஞ்சுக் காசத்துக்கு ஒன்று, இனிப்புநீருக்கு ஒன்று, காலில் ஆறாத புண்ணுக்கு ஒன்று. சம்சு சாராயத்துக்கு மட்டும் அட்டை இல்லை.

குடியை நிறுத்தாமல் சேர்க்க முடியாது என்றது காச வார்டு. காசம் ஆறாமல் சேர்க்க முடியாது என்றது குடியை நிறுத்த உதவும் வார்டு. நடுவில் கடிதம் தூக்கிக்கொண்டு நடப்பது என் வேலை. நான் தாதி இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்கு மிஸ்ஸிதான்.

"ரெண்டு வார்டையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டுங்க லா மிஸ்ஸி. பேசி முடிச்சிட்டு வரட்டும்."

ஆறு வாரம் நடந்து காச வார்டில் ஒரு கட்டில் வாங்கினேன். குடி நடுக்கத்துக்கும் அங்கேயே மருந்து தருவார்கள். வியாழன் காலை குடிக்காமல் வந்து சேர்க்கைப் பாரத்தில் கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான்.

"கையெழுத்துதானே? எங்க தோட்டத்து லயத்துல இங்கிலீஷ்ல போடறவன் நான் ஒருத்தன்தான்."

பேனாவை வாங்கி அட்டையின் பின்பக்கம் போட்டுக் காட்டினீர்கள். கை நடுங்கி எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. உள்ளங்கையால் மறைத்தீர்கள்.

"வியாழக்கெழம ஒழுங்கா போடறேன்."

கைநாட்டு போதும் என்று சொன்னால் உங்கள் முகம் என்ன ஆகுமோ என்று நினைத்தேன். "சரிண்ணே" என்றேன்.

வியாழனன்று வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. கை நடுங்கவில்லை. பாரத்தைத் தள்ளும்போதே கவுண்டர்க்காரர் மூக்கைச் சுளித்தார். நீங்கள் அதைப் பார்க்காமல் எழுதி முடித்தீர்கள். அழகான கையெழுத்து.

"பாத்தீங்களா மிஸ்ஸி? ஒரே ஒரு கிளாஸ்தான். கை நிக்கணும்ல."

கவுண்டர்க்காரர் பாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் கெஞ்சியதும் நடக்கவில்லை.

வாடகை அறையில் நான் வாசிக்கும் கதைகளில், சொல்ல வேண்டியதை யாராவது கடைசி நேரத்திலாவது சொல்லிவிடுகிறார்கள். உங்களிடம் அதைச் சொல்லாமல் விட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது யார் வந்து உட்கார்ந்தாலும், கேட்பதற்கு முன்பே பேனாவையும் மைப்பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது வசதியோ அது" என்கிறேன். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அன்று மாலைக்குள் அந்தக் கட்டில் வேறொருவருக்குப் போயிற்று. மறுபடி ஒரு கட்டில் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வருமுன், நீங்கள் லயத்து வீட்டில் இறந்துபோனீர்கள்.