நன்றாக வளர்கிறது

பிப்ரவரி 4

என் அக்காவுக்கு,

தொடை வலி எப்படி இருக்கிறது? ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பஸ் ஓட்டக் கிளம்பிவிடாதே. உன் யூனிஃபார்மை ஒளித்து வைக்கும்படி அத்தானிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தோஷமான சேதி. உன் தொடையில் எடுத்த கட்டியிலிருந்து, ஆய்வுக்கென்று நீ எங்களுக்குக் கொடுத்த துண்டு பிழைத்துக்கொண்டது! மற்றவர்கள் கொடுத்தவை எல்லாம் செத்துப்போயின. உன்னுடையது ஆய்வகத் தட்டில் மாதக்கணக்கில் நன்றாக வளர்கிறது. வேறு தட்டுக்குப் பிரித்து மாற்ற மாற்ற மறுபடி நிறைகிறது. சாதாரண செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதன் குரோமோசோம் நுனி கொஞ்சம் தேயும். அந்த நுனியை டெலோமியர் என்போம். ரொம்பத் தேய்ந்துவிட்டால் செல் ஓய்ந்துவிடும். உன்னுடையது ஓய்கிற வழியைக் காணோம். எப்படிச் சமாளிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஆய்வகமே என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது.

உன் சின்னவள்

பிப்ரவரி 19

சின்னவளே,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து படித்தேன். நன்றாக வளர்கிறது என்று எழுதியிருந்தாய். பிறகு டாக்டர் கூப்பிட்டார். அவரும் அதையேதான் சொன்னார். நுரையீரலில்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன், பொய் வரவில்லை. அத்தான் படித்துவிட்டு, "அவ வேலையைப் பத்தி ஆசையா எழுதியிருக்கா, விடேன்" என்றார். அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

பரிசோதனையில் ஒரு புது மருந்து இருக்கிறதாம். புற்றுநோய்ச் செல்லில் அந்த நுனியை வளர்க்கிற ஒரு நொதியை அடக்கிவிடுமாம். கேட்கிறதா இல்லையா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியுமாம். மாதக்கணக்கில் வெளியூரில் தங்கவேண்டும். மகள் இப்போதே அழுகிறாள். இருந்தாலும் போகலாம் என்றிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

அக்கா

பிப்ரவரி 24

அக்கா,

வெட்கத்தில் செத்தேன். உன் நோயைப் பற்றி உன்னிடமே பெருமையடித்திருக்கிறேன். எனக்குப் புத்தி எங்கே போனது?

நீ கேட்டதற்குப் பதில்: போகாதே. அந்த நொதியின் பெயர் டெலோமரேஸ். பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் அதை வைத்துத்தான் நுனியை வளர்த்துக்கொள்கின்றன. உன்னுடையதில் அது இல்லவே இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஒரு குரோமோசோமின் நுனியைப் பார்த்து இன்னொன்று காப்பியடித்து நீட்டிக்கொள்கிற ரகம் இது. இல்லாத நொதியை அடக்கி என்ன பயன்? அதே மாதிரி மருந்தை முன்பே தட்டில் விட்டும் பார்த்திருக்கிறேன், செல்கள் சட்டை செய்யவில்லை. காப்பியடிப்பதைத் தடுக்க இன்னும் மருந்து வரவில்லை, அக்கா.

முடிவுகளை உன் டாக்டருக்கும் அனுப்பியிருக்கிறேன். உனக்கிருந்த ஒரு வழியையும் நானே அடைத்த மாதிரி இருக்கிறது. தட்டுகளை எல்லாம் அழித்துவிடட்டுமா?

சின்னவள்

மார்ச் 2

சின்னவளே,

டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். "உங்க தங்கச்சி சொல்றது சரிதாம்மா" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளிடம், "அம்மா எங்கயும் போகலடி" என்றதும் ஒரு துள்ளு துள்ளினாள். அவளுக்கு அதுவரைதான் தெரியும்.

தட்டை அழிக்காதே. இன்னொருத்திக்காவது மருந்து கிடைக்கட்டும். வழியை அடைத்ததாகப் புலம்பாதே. இல்லாத வழியில் போய் மாதக்கணக்கில் நாளைத் தொலைக்காமல் காப்பாற்றினாய்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் அந்தச் செல்களுக்குத் தீனி மாற்றுகிறாயாம், அத்தான் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு என்னை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாயா?

அக்கா

மார்ச் 5

அக்கா,

இல்லை. வேலை என்று சொன்னதெல்லாம் சாக்கு. பயம்தான். தட்டு முன்னால் உட்கார்ந்தால் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது. உன் முன்னால் உட்கார்ந்து என்ன செய்வேன் என்று பயந்தேன். உன்னை விட்டுவிட்டு உன் நோயைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

தட்டுகளை என்னோடு வேலை செய்பவளிடம் ஒப்படைத்துவிட்டேன். இதைத் தபாலில் போடவில்லை. உன் வாசலில் நிற்கிறேன், உன் மகள் கையில் கொடுத்து உள்ளே அனுப்புகிறேன். திட்டுவதாக இருந்தால் உள்ளே கூப்பிட்டுத் திட்டு.

சின்னவள்