அவர்ர இடத்தில ஒரு மெக்ரோ

வியாழக்கிழமை, இரவு.

கட்டாரில் வேலை செய்யிற என்ட புருசனோட வீடியோ கோல் கதைச்சா, உம்மா பக்கத்தில வந்து குந்திடுவாங்க. அதால நாங்க ரெண்டு பேரும் ஒன்லைன் கேம் ஒண்டுக்குள்ளதான் தனியாக் கதைக்கிற. கேமில இருக்கிற பட்டறையில பக்கத்துப் பக்கத்தில நிண்டு வாள் செஞ்சிக்கிட்டே எழுதுவம். கொஞ்ச மாசமா அவர் சலாம் சொல்றதோட சரி. ஆனா, நான் எழுதுறதையெல்லாம் வாசிக்கிறார் எண்டு நினைச்சன்.

நேத்து இஷாத் தொழுகைக்குப் பிறகு எழுதினன்: "மச்சான், இந்த முறை கொன்ட்ராக்டில சைன் வைக்காதீங்க. வீடு கட்டி முடியாட்டியும் பரவாயில்ல, வாங்க. எனக்குத் தனிய இரிக்க ஏலாது."

திரையில அவர்ர கேம் ஆள் வாள் அடிச்சிக்கிட்டே நிண்டான். ஒரு மணித்தியாலம் பார்த்திட்டு இருந்தன். பதில் இல்ல. வர விருப்பமில்லையாக்கும் எண்டு அழுதன்.

இண்டைக்குப் பகல் கோல் எடுத்தார்.

"ரெண்டு வருசத்துக்கு சைன் வெச்சிட்டன் புள்ள."

"நேத்து நான் எழுதினத்தப் பார்க்கல்லயா?"

"நேத்தா? டியூட்டி முடிஞ்சு வந்தா படுத்திடுவன். மெக்ரோ எண்டு தானா வேலை செய்யிற ப்ரோக்ராம் ஒண்டு போட்டு வெச்சிரிக்கன், அதுவே சலாம் சொல்லும், வாளும் செய்யும். நோம்புப் பெருநாளில இரிந்து அப்பிடித்தான். என்ன எழுதின?"

பெருநாளில இரிந்து நான் ஆரோட கதைச்சன்?

உம்மா பக்கத்தில இருந்தாங்க. "ஒண்டுமில்ல" எண்டன்.

"அல்ஹம்துலில்லாஹ், இனி வீட்டு வேலை முடிஞ்சிடும்" எண்டாங்க உம்மா. நானும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னன். உதடு மட்டும்தான் அசைஞ்சது.